இரண்டு தெருவுக்கும் போட்ட தமுக்கு

மணலேரிப்பாக்கத்தில் சர்க்கார் எப்படி இருக்கும் என்று யாரையாவது கேட்டிருந்தால், கறுத்து மெலிந்து, தலையில் சிவப்புத் துண்டு கட்டி, இடுப்பில் தமுக்கு மாட்டியிருக்கும் என்று சொல்லியிருப்பார்கள். கலெக்டரை அந்த ஊர் பார்த்ததில்லை. மந்திரி ஒரு தடவை ரயிலில் தாண்டிப் போனாராம். ஊர் கண்ணால் கண்ட சர்க்கார் துலுக்கானம் ஒருவர்தான்.

திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே, ரயில் பாதைக்கு வடக்கே கிடந்தது ஊர். மேல்தெரு, கீழ்த்தெரு என்று இரண்டே தெரு. பெயருக்கேற்றாற்போல ஒன்று மேட்டிலும் இன்னொன்று பள்ளத்திலும் இருந்தன. துலுக்கானம் கீழ்த்தெருக்காரர். அவருக்குப் படிக்கத் தெரியாது. பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா உத்தமன் உத்தரவை ஒரே ஒரு தடவை வாசிப்பார். துலுக்கானம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவ்வளவுதான், முடிந்தது. வரி பாக்கி, ஏரி மீன் ஏலம், அம்மை குத்த ஆள் வரும் தேதி எல்லாம் கமா, புள்ளி உட்பட அப்படியே தெருவில் வந்து விழும்.

"ஒரு சொல்லு கூட்ட மாட்டேன், ஒரு சொல்லு கொறைக்க மாட்டேன். சர்க்கார் குடுத்த சரக்கு அது. நடுவுல நான் யாரு கை வெக்க?" என்பார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

அறுபத்து நாலாம் வருஷம் சித்திரை வெயிலோடு காலரா வந்தது. பட்டணத்தில் ஆரம்பித்து, ரயில் பாதையோரமாகவே ஊர் ஊராக மேற்கே நகர்ந்தது. அது மணலேரிப்பாக்கத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே உத்தரவுகள் வந்து சேர்ந்துவிட்டன. தினம் ஒன்று. சில நாள் இரண்டு.

திங்கட்கிழமை: சந்தை கூடக் கூடாது. செவ்வாய்க்கிழமை: சந்தை கூடலாம், மீன் கூடாது. புதன்கிழமை: மீன் கூடும், ஆனால் அறுத்த பழமும் ஐஸ் போட்ட சர்பத்தும் கூடாது. வியாழக்கிழமை டூரிங் கொட்டகையை இழுத்து மூடினார்கள். அன்று சாயங்காலமே கொட்டகைக்கு எதிர்த் திடலில் ஒரு கட்சிக் கூட்டம் நடந்தது. ஐந்நூறு பேர் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து கேட்டார்கள்.

மறுநாள் காலையில் துலுக்கானம் டீக்கடைப் பக்கம் போனதும் கோவிந்தன் பிடித்துக்கொண்டான். கீழ்த்தெருப் பையன்களில் முதன்முதலாக ஆவடி உடுப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். எதையும் ஏன், எதற்கு என்று கேட்காமல் விடமாட்டான்.

"இன்னா அண்ணாத்தே, கொட்டாய்ல குந்திகினு படம் பார்த்தா காலரா வரும், திடல்ல குந்திகினு பேச்சு கேட்டா வராதா?"

"எனக்கு இன்னா தெரியும் நைனா? நான் வாயி. மூளை அங்க கீது" என்று துலுக்கானம் பஞ்சாயத்து ஆபீஸைக் கை காட்டினார்.

"அங்கயும் இல்லப்பா" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். டீக்கடை சிரித்தது.

சர்பத் வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "பட்டணத்துல கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல்ல ஐஸ் போட்டுத்தானே குடுக்கறான்? அவன் ஐஸு காசியிலேர்ந்து வருதா?" என்று பொருமினார். பள்ளிக்கூட வாத்தியார் இதற்கு ஒப்பவில்லை. எதை மூடினாலும் குறை சொல்கிறீர்கள், எதையும் மூடாமல் நாலு பிணம் விழுந்தால் அப்போதும் சர்க்காரைத்தானே திட்டுவீர்கள் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இப்படி டீ ஆறும் வரை பேசுவார்கள். பேச்சு முற்றும்போது எல்லோரும் துலுக்கானத்தின் பக்கம் திரும்புவார்கள், என்னவோ அவர்தான் ராத்திரி உட்கார்ந்து உத்தரவு எழுதியவர் போல. அவரும் அதை லேசாக ரசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தமுக்கை இத்தனை பேர் நின்று கேட்டதில்லை.

அந்த ரசனை ஒரு வாரம்தான் நீடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கீழ்த்தெருவில் மதுரைவீரன் படுத்தார். அம்பத்தூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்பேட்டையில் கல் சுமக்கிறவர், வண்டி மாட்டுக்கு ஈடான உடம்பு. அந்த உடம்பு பத்து மணிக்குள் ஈரத்துணியாகச் சுருண்டுவிட்டது. மத்தியானம் இன்னொரு வீட்டில் ஒரு அம்மாளுக்கும் அதே கதி. வேன் வந்து இரண்டு பேரையும் பட்டணத்துத் தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று.

வேன் போன தூசி அடங்குவதற்குள் துலுக்கானத்தின் மனைவி குப்பம்மா வீட்டுக்கு வந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் நாகப்பன் வீட்டு மாட்டுக் கொட்டகையைக் கூட்டி அள்ளுவது அவள் வேலை. வந்தவள் கூடையைக்கூட இறக்கவில்லை.

"யோவ், தலைவர் ஊட்ல அவரு மச்சான் வந்து கீறாரு இல்ல, பட்டணத்துலேர்ந்து? செவ்வாக்கெழமையிலேர்ந்து அவருக்கு வாந்தி, பேதி. கண்ணு உள்ள போயிட்ச்சி."

"இன்னாமே சொல்ற?"

"அஜீர்ணமாம். பலாப்பழம் துன்னாராம். பொறக்கடையில ஒளிச்சு வெச்சு வைத்தியம் பாக்கறாங்க. அவரு துணியெல்லாம் கெணத்தாண்டதான் அலசுனாங்க. நான் கண்ணால பார்த்தேன்யா."

துலுக்கானம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிணற்றடி என்றால் மேல்தெருக் கிணற்றடி. அந்தக் கிணற்றில் கீழ்த்தெருக்காரர்கள் வாளி போட்டதில்லை. அது யாரும் எழுதி ஒட்டாத சட்டம், தமுக்குத் தேவைப்படாத உத்தரவு. ஆனால் மேலே துவைக்கிற தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, கீழ்த்தெருக் கிணற்றைச் சுற்றித்தான் தேங்கும். வாளி போகாத வழியில் தண்ணீர் வந்துபோய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார். "ஐயா, உங்க மச்சானுக்கு ஒடம்பு..." என்று தொடங்கினார்.

நாகப்பன் கெட்ட மனிதர் இல்லை. ரோட்டுக்கு விளக்கு வந்தது அவரால்தான். ஆனால் அன்று அவர் முகம் கதவு சாத்தியதுபோல இருந்தது.

"அவனுக்கு அஜீரணம். நாளைக்கு ஊருக்குப் போயிடுவான். இதைப் பத்தி வெளியே ஒரு வார்த்தை வந்துதுன்னா நம்ம வீட்டுப் பால் ஒரு படி விக்காது, தெரியுமா? போ, காலையிலே உத்தமன் கிட்டே புது உத்தரவு இருக்கு. வாங்கிக்கோ."

காலையில் உத்தமன் வாசித்தார். கீழ்த்தெருவில் காலரா கண்டிருப்பதால், அந்தத் தெரு பத்து நாளைக்கு மூடப்படுகிறது. இரு முனையிலும் கயிறு கட்டப்படும். உள்ளே இருப்பவர் வெளியேறவோ, வெளியே இருப்பவர் நுழையவோ கூடாது. கீழ்த்தெருக் கிணற்றைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் அபராதம். தமுக்குப் போடுகிறவருக்கு மட்டும் நடமாட அனுமதி உண்டு.

"மேல்தெரு?" என்றார் துலுக்கானம்.

"மேல்தெருவிலே கேஸ் இல்லையே."

"கீது சாமி. தலைவர் ஊட்லயே கீது. கெணத்துலயும் எறங்கியிருக்கும்."

உத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "துலுக்கானம், எழுதியிருக்கிறதைத்தான் நான் வாசிக்க முடியும். வாசிச்சதைத்தான் நீ சொல்ல முடியும். நம்ம ரெண்டு பேர் சம்பளமும் அதுக்குத்தான்."

அது துலுக்கானத்தின் சொந்த வேதம்தான்.

முதலில் தன் தெருவில் போட்டார். ஜனங்கள் வாசலில் நின்று கேட்டார்கள். எப்போதும் போல யாரும் கேள்வி கேட்கவில்லை. பத்து நாள் கூலி இல்லை என்று அவரவர் மனசுக்குள் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் மட்டும், "வேலைக்குப் போவலன்னா சீட்டைக் கிழிச்சுடுவான் அண்ணாத்தே" என்றான், மெதுவாக.

பிறகு மேட்டில் ஏறினார். மேல்தெருக் கிணற்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். சொர்ணம் என்கிற பெண் இரண்டு குடம் நிரப்பி மூன்றாவதற்குக் கயிறு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் மாமியாருக்கு நேற்றிலிருந்து வயிறு சரியில்லை என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது துலுக்கானத்தின் காதில் விழுந்தது. பழைய சோறு சேரவில்லையாம்.

துலுக்கானம் தமுக்கை அடித்தார். மூன்று தடவை அடிப்பது வழக்கம். அன்று ஐந்தாறு தடவை அடித்தார். வாய் திறக்கிற நேரத்தைத் தள்ளிப்போடுகிறவர் போல இருந்தது.

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்... மணலேரிப்பாக்கத்தில் காலரா கண்டிருக்கிறபடியால்... கீழ்த்தெருவும்..."

அந்த 'உம்' எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்துவிட்டது. வந்த பிறகு வாக்கியத்தை முடித்துத்தானே ஆக வேண்டும்?

"...மேல்தெருவும் பத்து நாளைக்கு மூடப்படுகிறது! கீழ்க்கிணறும் மேல்கிணறும் மூடப்படுகிறது! ஒரு சொட்டு எடுக்கக் கூடாது! மீறினால் அபராதம்!"

சொர்ணத்தின் கையிலிருந்து கயிறு நழுவியது. வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் தெரு கூடிவிட்டது.

நாகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "யாருடா சொன்னது மேல்தெருன்னு?"

"சர்க்கார்தான் ஐயா" என்றார் துலுக்கானம். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பெரிய பொய்.

உத்தமனைக் காகிதத்தோடு கூப்பிட்டார்கள். அவர் வாசித்தார். மேல்தெரு அதில் இல்லை. கூட்டம் 'ஓ' என்றது. ஒரு பாதி துலுக்கானத்தை அடிக்கக் கை ஓங்கியது. மற்றப் பாதி, இருங்கய்யா, காரணம் இல்லாமல் சொல்கிற ஆள் இல்லை அவன் என்று தடுத்தது. கயிறு கட்ட வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் வேலுசாமி, பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் கேரியரில் வைத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது இதுதான் நிலவரம்.

"என்னய்யா கலாட்டா? எனக்கு இன்னும் நாலு ஊர் இருக்கு."

நாகப்பன் முந்திக்கொண்டார். "ஒரு தெருவுக்குப் போட்ட உத்தரவை ரெண்டு தெருவுக்குப் போட்டுட்டான் சார். தொழிலாளி இருக்கான், வியாபாரி இருக்கான். ஊரையே மூடினா என்ன ஆகிறது? எங்கே நோய் இருக்கோ அங்கே மூடுங்க."

"அதையேதான் நானும் சொல்றேன் சாமி" என்றார் துலுக்கானம். குரல் தெருவைத் தாண்டாமல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர் பேசியது அன்றுதான். "கயிறு ஒரு தெருவுக்கு, காலரா ரெண்டு தெருவுக்கு. இது இன்னா நாயம்? நாயத்தை வுடுங்க. இவங்க இந்தத் தண்ணியத்தானே இப்பவும் குடிச்சிகினு கீறாங்க?"

வேலுசாமி கூட்டத்தைப் பார்த்தார். "மேல்தெருவிலே யாருக்காவது வாந்தி, பேதி இருக்கா? உண்மையைச் சொல்லுங்க."

நாகப்பன் தரையைப் பார்த்தார். அப்போது சொர்ணம் முன்னால் வந்தாள்.

"எங்க மாமியாருக்கு இருக்கு. நேத்திலேர்ந்து. வெளியே தெரிஞ்சா கயிறு கட்டிடுவாங்கன்னு வூட்டுக்காரரு சொல்லக் கூடாதுன்னாரு." அவள் தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க சார்."

ஒருத்தி சொன்னதும் மடை திறந்தது. மூன்றாவது வீட்டில் ஒருவர், கடைசி வீட்டில் இருவர். எல்லோருக்கும் அஜீரணம், எல்லோரும் ஏதோ ஒரு பழத்தின் பேரில் பழியைப் போட்டு வைத்திருந்தார்கள். கடைசியாக நாகப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நம்ம வீட்டிலேயும் ஒருத்தன்..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

வேலுசாமி காகிதத்தை உத்தமனிடமிருந்து வாங்கினார். சைக்கிள் சீட்டின் மேல் வைத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்போ சரியா இருக்கு. நீ என்ன சொன்னியோ அதுதான் எழுதியிருக்கேன்" என்றார் துலுக்கானத்திடம். "வழக்கமா எழுதிட்டுச் சொல்லுவாங்க. இன்னிக்குச் சொல்லிட்டு எழுதியாச்சு. போ, மறுபடியும் போடு."

பத்து நாள் ஊர் அடைந்து கிடந்தது. தண்ணீர் லாரியில் வந்தது. முதல் நாள் லாரி மேல்தெருவோடு திரும்பப் பார்த்தது. துலுக்கானம் தமுக்கை அடித்துக்கொண்டே அதன் முன்னால் நடந்து, பள்ளத்துக்கு இறக்கிக் கொண்டுபோனார். இரண்டு தெருவுக்கும் ஊசி போட்டார்கள். ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறிய மேல்தெருச் சிலம்ப வஸ்தாது ஒருவரைத் தமுக்கடித்தே இறக்கினார்கள்.

அவரைப் புகழ்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சர்பத் வண்டிக்காரர் அவரைப் பார்த்தாலே துப்பினார். தன் தெருவிலேயே கோவிந்தன் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று சண்டை பிடித்தான். "அவங்களையும் சேர்த்து அடைச்சே, சரி. நம்மள தொறந்து வுட்டியா? எனக்கு வேலை போனா உன் தமுக்கு சோறு போடுமா?" கோவிந்தனின் வேலை போகவில்லை. தொழிற்சாலையே அவன் ஊர்க்காரர்களைப் பத்து நாள் உள்ளே விடக் கூடாது என்று சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

மதுரைவீரன் எட்டாம் நாள் பாதி எடையோடு திரும்பினார். தலைவரின் மச்சான் பிழைத்துப் பட்டணம் போய்ச் சேர்ந்தார். சொர்ணத்தின் மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் இறந்துபோனார். அந்தச் சேதி வந்த அன்று துலுக்கானம் சாப்பிடவில்லை.

"வெள்ளிக்கெழமையே உனக்குத் தெரியும். சனிக்கெழமைதானே சொன்னே?" என்று குப்பம்மா கேட்கவில்லை. அவர்தான் தனக்குத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். குப்பம்மா கஞ்சியைத் திரும்பவும் சூடு பண்ணிப் பக்கத்தில் வைத்தாள்.

கயிற்றை அவிழ்த்த அன்றே பஞ்சாயத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. உத்தரவில் இல்லாத சொற்களைச் சேர்த்துத் தமுக்குப் போட்டது ஏன்? மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும். கொண்டுவந்து கொடுத்தவரும் உத்தமன்தான், வாசித்துக் காட்டியவரும் உத்தமன்தான்.

"எனக்கு எழுதத் தெரியாதே சாமி. நீயே எழுதிக் குடுத்துடு."

"கேள்வியை எழுதினவனே பதிலையும் எழுதினா நல்லா இருக்குமா?"

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் தமுக்குச் சத்தம் கேட்டது. போகிறவர், வருகிறவர் எல்லாம் நின்றார்கள்.

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! கீழ்த்தெரு துலுக்கானமாகிய நான், மேல்தெருவையும் சேர்த்துத் தமுக்குப் போட்டது உண்மை! அதுக்கு முந்தி தலைவராண்ட ஒரு தபா, குமாஸ்தாவாண்ட ஒரு தபா சொன்னது உண்மை! கேப்பாங்கன்னு பார்த்தேன், கேக்கல! சொல்லாம இருந்தா தப்பு, சொன்னாலும் தப்பு! ரெண்டுல சின்னத் தப்பா பார்த்து எடுத்துக்கினேன்! தண்டனை எதுவானாலும் வாங்கிக்கிறேன்! இதுதான் விளக்கம்!"

ஜன்னலுக்கு உள்ளே நாகப்பன் உட்கார்ந்திருந்தார். வெளியே கூட்டம் சிரித்தது. சொர்ணம் மட்டும் சிரிக்காமல் நின்று கேட்டாள். தலைவர் உத்தமனிடம், "விளக்கம் கிடைச்சுதுன்னு எழுதிக்கோ" என்றார். "எழுத்து மூலமா கேட்டோமே சார்?" என்றார் உத்தமன். "கேட்ட வரைக்கும் போதும்யா. ஊரே கேட்டாச்சு."

ஒரு மாசம் தமுக்கு வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த வேலைக்கு வேறு யாரும் முன்வரவில்லை. உத்தரவுகளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தார்கள். பசை ருசிக்காக ஆடுகள் அதைத் தின்றன. மாசம் முடிந்த காலையில் உத்தமனே கீழ்த்தெருவுக்கு வந்து கூப்பிட்டார்.

அவருக்குக் கிடைத்த முதல் உத்தரவு நாய்களுக்கு லைசென்ஸ் வாங்குவது பற்றியது. துலுக்கானம் பழையபடி கண்ணை மூடிக் கேட்டு, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் டீக்கடைக்கு எதிரே போட்டார். போட்டு முடித்ததும் ஒரு கை உயர்ந்தது.

"அண்ணாத்தே, இது சர்க்கார் சொன்னதா, நீ சொன்னதா?"

கடை மொத்தமும் சிரித்தது. துலுக்கானமும் சிரித்தார். ஆனால் அடுத்த தெருவிலும் அதையே கேட்டார்கள். அதற்கடுத்த மாசமும் கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் யாரும் சந்தேகப்படாத வாய் அது. சில நாள் அது அவருக்குப் பெருமையாக இருந்தது. சில நாள் சுருக்கென்று தைத்தது. எந்த நாளானாலும் தமுக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "சர்க்கார் சொன்னதுதான்பா" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு அடுத்த முனைக்கு நடந்தார்.